டூ எக்ஸ் வேகத்தில் பார்த்தால் டூ எக்ஸ் புரியுமா?

மாடல் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி, மணி பதினொன்றரை. ஹாஸ்டல் ரூமில் நாங்க மூணு பேர், ஒரே லேப்டாப், ஒரே இயர்போன். ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு காது, மூணாவது ஆளுக்கு சப்டைட்டில். மறுநாள் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பர். வீடியோவில் ஒருத்தர் கன்வல்யூஷனைப் பிரமாதமா விளக்கிக்கிட்டு இருக்கார். ஒரு சிக்னலைத் திருப்பிப் போடணும், நகர்த்தணும், இன்னொன்றோடு பெருக்கணும், எல்லாத்தையும் கூட்டணும். அனிமேஷனில் ஒரு நீலப் பெட்டி சிவப்புப் பெட்டி மேல வழுக்கிக்கிட்டே போகுது, கீழே ஒரு முக்கோணம் தானாவே உருவாகுது. வேகம் டூ எக்ஸ். "இவ்ளோதானாடா இது!" என்றான் ரூம்மேட். மூணு பேரும் தலையாட்டிட்டுத் தூங்கிட்டோம்.

மறுநாள் பார்ட் பி-யில் அதே கன்வல்யூஷன். ரெண்டு செவ்வகப் பல்ஸ். எனக்கு நீலம் ஞாபகம் வந்தது, சிவப்பு ஞாபகம் வந்தது, அந்த முக்கோணம்கூட வந்தது. ஆனா இன்டெக்ரலோட எல்லை எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியணும் என்பது மட்டும் கடைசி வரைக்கும் வரலை. 13 மார்க் கேள்விக்கு 3 மார்க். அதுவும் படம் அழகா போட்டதுக்காக மேம் மனசு இரங்கிப் போட்டது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். நடக்கலைன்னா நீங்க டாப்பர். இந்தக் கட்டுரையை ஒரு ஜூனியருக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டுப் போயிடலாம்.

போன வருஷக் கதையை இப்போ ஏன் எடுக்கிறேன்? நம்ம டிபார்ட்மென்ட்டில் செகண்ட் இயருக்கு வாரத்துக்கு ரெண்டு டுடோரியல் மணி நேரம் இருந்தது. இந்த செமஸ்டரிலிருந்து அதில் ஒண்ணு 'டிஜிட்டல் லேர்னிங் அவர்' ஆயிடுச்சு. ஸ்மார்ட் கிளாஸில் உட்கார்ந்து வீடியோ பார்க்கணும், கடைசியில் பத்து சாய்ஸ் கேள்விகளுக்கு டிக் அடிக்கணும். ஏசி இருக்கு, யாரும் திட்டுறதில்லை, போர்டுக்குக் கூப்பிடுறதில்லை. ஜூனியர்ஸ் நிறைய பேருக்கு இது பிடிச்சுத்தான் இருக்கு. எனக்குத்தான் அந்த 3 மார்க் ஞாபகம் வருது.

முதலிலேயே சொல்லிடுறேன், நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லை. எனக்குத் தெரிஞ்ச பைத்தான் மொத்தமும் யூடியூப் போட்ட பிச்சை. என் வாதம் வேற. ஒவ்வொரு ஆப்புக்குள்ளேயும், ஒவ்வொரு ஸ்மார்ட் போர்டுக்குள்ளேயும், மனுஷன் எப்படிக் கத்துக்கிறான் என்கிற ஒரு கோட்பாடு ஒளிஞ்சிருக்கு. அதைச் செய்தவங்க சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இருக்கு. சாய்ஸ் கேள்வி வெச்சா ஒரு கோட்பாடு, நீங்களே கோட் எழுதணும்னா வேற கோட்பாடு, பக்கத்து பெஞ்ச்காரனோட பேசணும்னா இன்னொண்ணு. பிஜேடி-க்கும் மாஸ்ஃபெட்டுக்கும் வித்தியாசம் கேட்டா தூக்கத்திலும் சொல்ற நாம, நம்ம மண்டைக்குள் என்ன சர்க்யூட்டைச் சொருகுறாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா?

ஒரு நூறு வருஷம் பின்னால போகலாம். 1920-களில் அமெரிக்காவின் ஒஹாயோவில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியல் பேராசிரியர் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பெட்டி செய்தார். ஜன்னலில் கேள்வி தெரியும், நாலு பட்டன் இருக்கும். சரியான பட்டனை அழுத்தினால்தான் அடுத்த கேள்விக்கு நகரும். அதோடு ஒரு உபரி பாகத்தையும் சேர்க்கலாம், நிறைய சரியாச் சொன்னா மிட்டாய் விழும். நல்லாக் கவனிங்க: நாலு சாய்ஸ், உடனடி ரிசல்ட், பரிசு. உங்க போனில் இருக்கிற ஏதாவது ஒரு லேர்னிங் ஆப்பைத் திறந்து பாருங்க. மிட்டாய்க்குப் பதிலா பேட்ஜ், நெருப்புப் படம் போட்ட ஸ்ட்ரீக். நூறு வருஷத்தில் மாறினது மிட்டாய்தான்.

அடுத்து வந்தவர் பி.எஃப். ஸ்கின்னர். புறாவுக்கும் எலிக்கும் தீனி போட்டுப் பழக்கினவர் என்று ஒரே வரியில் இவரை ஒதுக்கிவிடுவார்கள். அவர் டீச்சிங் மெஷின் செய்த கதை கொஞ்சம் நம்ம கதை மாதிரியே இருக்கும். 1953-ல் தன் மகளோட நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை வகுப்பறையிலேயே உட்கார்ந்து பார்க்கிறார். டீச்சர் நல்லவர்தான். ஆனா கணக்கை முடிச்ச பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கு, முடியாத பிள்ளைகள் திணறுது, எல்லாருக்கும் ஒரே வேகம். போட்டது சரியா தப்பான்னு நோட்டு திருத்தி வந்த பிறகுதான் தெரியும். அதைப் பார்த்துட்டு வந்துதான் மெஷின் செய்ய உட்கார்ந்தார். பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளா உடை, ஒவ்வொரு படியிலும் மாணவன் ஏதாவது செய்யட்டும், செய்ததும் உடனே சரியா தப்பா சொல்லு, அவனவன் வேகத்தில் போகட்டும். நடத்தைவியம் என்று கல்வியியலில் சொல்ற கோட்பாட்டோட மெஷின் வடிவம் இதுதான்.

ஸ்கின்னரோட மெஷினில் சாய்ஸ் கிடையாது என்பதைப் பல பேர் மறந்துட்டாங்க. மாணவன் தன் கையால் ஒரு காகித நாடாவில் விடையை எழுதணும். எழுதிட்டு லீவரைத் தள்ளினா, எழுதினது கண்ணாடிக்கு அடியில் போயிடும், இனி மாத்த முடியாது. அப்புறம்தான் சரியான விடை தெரியும். ஏன் சாய்ஸ் வேண்டாம் என்றார்? விடையைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிறது வேற, இல்லாத இடத்திலிருந்து வரவழைக்கிறது வேற. அதோட, நாலில் மூணு தப்பான விடையை நாமே அச்சடிச்சுப் பிள்ளை கண்ணு முன்னாடி வைக்கணுமா என்பது அவர் கவலை. இன்றைக்கு நம்ம கைக்கு வந்திருக்கிறது ஸ்கின்னரோட பெயரும் பிரெஸ்ஸியோட பட்டனும். சிரமமான பாகத்தைக் கழட்டிட்டு மிட்டாயை மட்டும் வெச்சுக்கிட்டோம்.

இதுல எனக்கு ஒரு சொந்த அனுபவமும் இருக்கு. நான் தொடக்கப் பள்ளி படிச்சது ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், செயல்வழிக் கற்றல் காலத்தில். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பிச்சு 2007-ல் தமிழ்நாடு முழுக்க வந்த திட்டம் அது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளிக்காரங்க உருவாக்கின அட்டை முறைதான் அதுக்கு முன்மாதிரி. சுவரில் ஏணிப்படி வரைஞ்ச சார்ட் தொங்கும். நான் எந்தப் படியில் நிக்கிறேனோ அந்தப் படத்துக்கான அட்டையை ட்ரேயிலிருந்து எடுத்துக்கணும். தரையில் உட்கார்ந்து, சுவரோரம் நம்ம உயரத்துக்கே இருக்கிற கரும்பலகையில் எழுதணும். எழுதினதை டீச்சர் வந்து பார்த்ததும் அடுத்த படி. கரெண்ட் கிடையாது, சார்ஜர் கிடையாது, ஆனா ஸ்கின்னர் கேட்ட மூணும் இருந்தது: சின்னப் படி, என் வேகம், என் கையால் எழுதின விடை. கூட ஒண்ணும் இருந்தது, பக்கத்தில் இருந்த அக்கா எனக்குச் சொல்லிக்கொடுப்பா. அவ ரெண்டாம் வகுப்பு, நான் ஒண்ணாம் வகுப்பு, ஒரே அறை. அதை நான் டெக்னாலஜி என்றுதான் சொல்வேன். அட்டையில் செய்த டெக்னாலஜி. (குறைகளும் இருந்தது. அட்டை தொலைஞ்சா அந்தப் படியே தொலைஞ்ச மாதிரி. நானே ரெண்டு மூணு தொலைச்சிருக்கேன்.)

சரி, எழுதினா என்ன, பார்த்தா என்ன, ரெண்டுமே படிப்புதானே என்று கேட்பீங்க. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வெச்சு ஒரு சோதனை செய்தாங்க. ஒரு பத்தியை எல்லாரும் படிக்கணும். அப்புறம் ஒரு குழு அதையே திரும்பப் படிக்கும். இன்னொரு குழு பேப்பரை மூடி வெச்சுட்டு ஞாபகம் இருக்கிறதை எழுதும். அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சோதிச்சா திரும்பப் படிச்சவங்க ஜெயிச்சாங்க, 81 சதவீதம். எழுதினவங்க 75. ஒரு வாரம் கழிச்சு? திரும்பப் படிச்சவங்க 42, எழுதிப் பார்த்தவங்க 56.

அந்த அஞ்சு நிமிஷம்தான் நம்மை ஏமாத்துது. ராத்திரி பதினொன்றரைக்கு "இவ்ளோதானாடா" என்று சொன்னது பொய் இல்லை, அந்த நிமிஷத்துக்கு அது உண்மைதான். வீடியோ வழவழன்னு ஓடும்போது, அதோட வழவழப்பை நம்ம புரிதல் என்று நினைச்சுக்கிறோம். மேம் போர்டில் எழுதும்போது சாக்பீஸ் உடையும், நடுவில் தப்பு வரும், அழிப்பாங்க. அந்த இடைவெளியில் நாம யோசிப்போம். டூ எக்ஸில் அந்த இடைவெளியே கிடையாது.

இங்கே ரிச்சர்ட் கிளார்க் என்பவரைச் சொல்லணும். 1983-ல் ஒரு கட்டுரை எழுதி, கல்வி டெக்னாலஜிக்காரங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டார். மளிகைச் சாமானை எந்த லாரியில் கொண்டு வந்தாலும் உடம்புக்குச் சத்து சாமானிலிருந்துதான் வருது, லாரியிலிருந்து இல்லை. மீடியாவும் அப்படித்தான், லாரி மட்டும்தான் என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா என்பவர் இதை மறுத்தார். சில விஷயங்களைச் சில மீடியாவால்தான் செய்ய முடியும் என்றார். நான் பாதி கோஸ்மா பக்கம். கன்வல்யூஷன் அனிமேஷனைக் கரும்பலகையில் காட்ட முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா அனிமேஷனை ஓட விட்டுட்டு நான் சும்மா பார்த்தா லாரியில் உட்கார்ந்து ஊர் சுத்தின மாதிரிதான். சாமான் வீட்டுக்கு வராது.

அனிமேஷனை நானே செய்திருந்தா? இந்தக் கேள்விதான் செய்மோர் பேப்பர்ட்டோட வாழ்க்கை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். ஜெனீவாவில் ஜான் பியாஜேவோட சில வருஷம் வேலை பார்த்தார். குழந்தை ஒரு காலிப் பாத்திரம் இல்லை, தன் அனுபவத்தைக் கொண்டு அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்றவர் பியாஜே. அதைத்தான் கட்டமைப்பியம் என்கிறார்கள். பேப்பர்ட் அதோட ஒரு படி சேர்த்தார்: அப்படிக் கட்டுறது, வெளியில் ஏதாவது ஒண்ணைச் செய்யும்போது இன்னும் நல்லா நடக்கும். மணல் கோட்டையோ, மெஷினோ, புரோகிராமோ, மத்தவங்க பார்க்கிற மாதிரி ஏதோ ஒண்ணு. 1967-ல் அவரும் வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினாங்க. அப்புறம் அதில் ஒரு ஆமை வந்தது. நூறு அடி முன்னால போ, தொண்ணூறு டிகிரி வலப்பக்கம் திரும்பு, இதையே நாலு தடவை செய். சதுரம் வந்துடும். வட்டம் வேணுமா? பிள்ளையை எழுந்து நடந்து பார்க்கச் சொல்வாங்க. ஒரு அடி வை, கொஞ்சம் திரும்பு, ஒரு அடி வை, கொஞ்சம் திரும்பு. அப்போ 360 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு டிகிரி! டிஃபரென்ஷியல் ஜியாமெட்ரியோட விதை அது, நாலாம் வகுப்புப் பிள்ளை கால்ல நடந்து கண்டுபிடிக்குது.

1980-ல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் பேப்பர்ட் கேட்ட கேள்வி எளிமையானது: கம்ப்யூட்டர் குழந்தையை புரோகிராம் செய்கிறதா, குழந்தை கம்ப்யூட்டரை புரோகிராம் செய்கிறதா? 2007-ல் எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து வந்த ஸ்கிராட்ச் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். தப்பைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பரீட்சையில் தப்பு என்றால் சிவப்பு மை. புரோகிராமில் தப்பு என்றால் பக், தேடிப் பிடிச்சுச் சரி பண்ணலாம், யாரும் அழறதில்லை. லேபில் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தா "நான் முட்டாள்" என்று யாராவது சொல்றோமா? எங்கேயோ பாயின்டர் உதைக்குது என்றுதான் சொல்றோம். கன்வல்யூஷனில் 3 மார்க் வாங்கினப்போ மட்டும் "எனக்கு மேத்ஸ் வராதுடா" என்று சொன்னேன்.

பேப்பர்ட்டையும் கண்ணை மூடிட்டு நம்ப வேண்டாம். 1980-களின் நடுவில் ராய் பீ, மிடியன் குர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் லோகோ கத்துக்கிட்ட பிள்ளைகளைச் சோதிச்சப்போ, புரோகிராமிங் பழகினதால் திட்டமிடும் திறன் தானா வளர்ந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்யானது. பெட்டியைக் கொடுத்துட்டு "நீயே கண்டுபிடி" என்று விட்டா நடக்காது. நாம ஃபர்ஸ்ட் இயரில் ஆர்டுயினோ கிட் வாங்கி, எல்.ஈ.டி. மினுக்கிட்டு, மேஜை டிராயரில் பூட்டி வெச்சோமே, அதுவேதான். கிட் ஏற்கெனவே இருந்தது. நானா யோசிக்கிறதுக்கும் எனக்குத் தெரியாததுக்கும் நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆளைப் பற்றி 1934-லேயே, 37 வயசில் காச நோயால் செத்துப்போன லேவ் விகோட்ஸ்கி என்ற சோவியத் உளவியலாளர் எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். ஒரு பிள்ளை தனியா என்ன செய்யும் என்பது ஒரு கோடு. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் துணையோட என்ன செய்யும் என்பது இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் கற்றல் நடக்கும். பின்னால 1976-ல் வுட், புரூனர், ராஸ் மூணு பேரும் அந்தத் துணைக்குச் சாரம் என்று பெயர் வெச்சாங்க. கட்டடம் கட்டும்போது கட்டி, வேலை முடிஞ்சதும் கழட்டுற சாரம். கழட்டுறதுதான் முக்கியம். கழட்டாத சாரம் கட்டடத்துக்கு அசிங்கம், சிவில் நண்பர்கள் ஒத்துக்குவாங்க.

தமிழ்க் குழந்தைகளை வெச்சே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. 1999-ல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் வெச்ச சுகதா மித்ராவைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவரும் ரிது டாங்வாலும் பின்னாடி சுனாமி பாதிச்ச காளிக்குப்பம் என்ற கிராமத்தில் ஒரு சோதனை செய்தாங்க. தமிழ் மட்டும் பேசுற 10 முதல் 14 வயசுப் பிள்ளைகள், தெருவோரக் கம்ப்யூட்டர், அதில் ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடம். ஆசிரியர் கிடையாது. ரெண்டு மாசத்துக்கு மேல கழிச்சுத் தேர்வு வெச்சா, ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கினாங்க. பெரிய விஷயம்தான். ஆனா அங்கேயே நின்னுபோச்சு. அப்புறம் பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச ஒரு இளம்பெண்ணைத் துணைக்கு வெச்சாங்க. அவருக்கும் உயிரியல் தெரியாது. பாட்டி மாதிரி பின்னாடி நின்னு, "அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டுக்கிட்டே இருந்தார். மதிப்பெண் 50 பக்கம் போச்சு. சின்னக் குழு, ஒரே கிராமம், மித்ராவோட முடிவுகளைப் பல பேர் கேள்வி கேட்டிருக்காங்க, எல்லாம் சரி. மெஷினோட மகிமைக்கு உதாரணமா இதை மேடையில் சொல்றாங்க. எனக்கு அந்தப் பொண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது.

நம்ம காலேஜில் அந்தப் பொண்ணு யார்? டுடோரியல் அவர்தான். முப்பது பேர், ஒரு கணக்கு, மேம் பெஞ்ச் பெஞ்சா வருவாங்க. "இந்த வரியிலிருந்து இந்த வரிக்கு எப்படிப் போனே?" என்று கேட்பாங்க. விடை என்னன்னு கேட்க மாட்டாங்க, எப்படிப் போனேன்னுதான் கேட்பாங்க. கர்ட் வான்லேன் என்பவர் 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு சொல்ற மென்பொருளோட பலன் அவர் அளவுகோலில் 0.31. ஒவ்வொரு படியையும் கவனிச்சு உதவுற மென்பொருள் 0.76. மனுஷன் நேரில் சொல்லிக் கொடுத்தா 0.79. அப்போ நல்ல மென்பொருள் மனுஷனுக்குப் பக்கத்தில் வரும், நான் மறுக்கலை. ஆனா நம்ம டிஜிட்டல் அவரில் வந்திருக்கிறது அந்த 0.76 வகை இல்லை, பத்து சாய்ஸ் கேள்வி வகை. 0.79-ஐ எடுத்துட்டு 0.31-ஐக் கொடுத்துட்டு, முன்னேற்றம் என்று போஸ்டர் ஒட்டியிருக்கோம்.

இதில் யாருக்கு அடி அதிகம்னு பாருங்க. நல்லா ஆங்கிலம் வர்ற, பள்ளியிலேயே கோச்சிங் போன பையனுக்கு வீடியோ போதும். ஏற்கெனவே பாதி தெரிஞ்சவனுக்கு எந்த முறையும் வேலை செய்யும். தமிழ் வழியில் படிச்சுட்டு, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் முதல் தலைமுறையா வந்த பொண்ணுக்கு? ஜான் ஸ்வெல்லர் என்ற ஆஸ்திரேலிய உளவியலாளர் 1980-களிலிருந்து சொல்லிட்டு வர்றது இது: நம்ம மூளையோட வேலை மேஜை ரொம்பச் சின்னது. ஒரே நேரத்தில் நாலஞ்சு சாமான்தான் வைக்க முடியும். ஆங்கில உச்சரிப்பைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிறது ஒரு சாமான், புதுச் சொல் ஒரு சாமான், சூத்திரம் ஒரு சாமான், டூ எக்ஸ் வேகம் இன்னொண்ணு. மேஜை நிரம்பிடுச்சு, கன்வல்யூஷன் வைக்க இடமில்லை. டுடோரியலில் மேம் "இந்த டாவ் இருக்கே, அது நகர்ற தூரம்மா, அவ்ளோதான்" என்று தமிழில் ஒரு வார்த்தை சொன்னா மேஜையில் ரெண்டு சாமான் குறையும். 2011-ல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ எங்க ஊரில் அது எத்தனை வீட்டில் முதல் கம்ப்யூட்டர் என்று எனக்குத் தெரியும், அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். வீட்டுக்கு மெஷின் வந்தது. பக்கத்தில் உட்கார ஆள் வரலை.

இப்போ நீங்க மனசுக்குள்ள கேட்கிற கேள்வி எனக்குக் கேட்குது. "அதான் ஏஐ வந்துடுச்சே, தமிழிலேயே கேட்டா சொல்லுதே, அதுவே அந்தப் பொண்ணு இல்லையா?" ஆகலாம். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2024-ல் வெளியாச்சு. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்பாட். இன்னொரு குழுவுக்கு, விடை சொல்லாம குறிப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி மாத்தின சாட்பாட். மூணாவது குழுவுக்குப் புத்தகம், நோட்டு மட்டும். பயிற்சிக் கணக்கில் சாதாரண சாட்பாட் குழு, புத்தகக் குழுவைவிட 48 சதவீதம் மேல. அப்புறம் சாட்பாட்டை எடுத்துட்டுத் தேர்வு வெச்சா அதே குழு 17 சதவீதம் கீழ. குறிப்பு மட்டும் கொடுத்த குழுவுக்கு அந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரே டெக்னாலஜி, ஒரே வகுப்பறை, உள்ளே இருந்த கோட்பாடு வேற. ஒண்ணு சாரம், இன்னொண்ணு கட்டடத்தையே தூக்கிட்டுப் போற கிரேன்.

இந்த இடத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுக்கணும். போன செமஸ்டரில் ஒரு ஆன்லைன் கோர்ஸ் எடுத்தேன். நாலாவது வாரத்திலிருந்து அஸைன்மென்ட் விடைகள் ஒரு குரூப்பில் வந்துடும், நானும் பார்த்து டிக் அடிச்சேன். எல்லா வாரமும் நூற்றுக்கு நூறு. நேரில் எழுதின தேர்வில் 75-க்கு 34. சர்டிபிகேட் வந்தது, ரெஸ்யூமேவில் இருக்கு. இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டுடுவாங்களோன்னு அந்த வரியை ரெண்டு தடவை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டிருக்கேன். அந்தக் கோர்ஸ் நடத்தினவர் மேல தப்பே இல்லை. 2003-ல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் தொடங்கினதிலிருந்து இந்த நாட்டில் நல்ல பாடம் இலவசமா கிடைக்குது, அது சாதாரண விஷயம் இல்லை. தப்பு என்னோடதுதான். ஆனா நாலு சாய்ஸ் இல்லாம, ஸ்கின்னர் மெஷின் மாதிரி என் கையால் எழுத வெச்சிருந்தா, அந்தத் தப்பு பண்றது எனக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டமா இருந்திருக்கும்.

அதனால நான் கேட்கிறது ரெண்டே விஷயம். டிஜிட்டல் அவரை ஒழிக்கச் சொல்லலை. அந்த ஒரு மணி நேரத்தில் வீடியோ இருபது நிமிஷம் போதும், மீதி நாற்பது நிமிஷம் பேப்பரும் பேனாவும், முடிஞ்சா மேமோ ஒரு தேர்ட் இயர் சீனியரோ கூட இருக்கட்டும். ரெண்டாவது, கடைசியில் வர்ற பத்து சாய்ஸ் கேள்விக்குப் பதிலா மூணே மூணு கேள்வி, விடையை நாமே எழுதுற மாதிரி. திருத்துறது ஸ்டாஃபுக்குக் கூடுதல் வேலைதான், தெரியும். ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் மாத்தித் திருத்தலாம், அதுலேயும் நாம கத்துக்குவோம். சீனியர் துணைக்கு நான் பேர் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை கடைசி மணி நேரம் எனக்குக் காலி. கன்வல்யூஷன் இப்போ எனக்கு வரும், அரியர் வைக்காம தப்பிச்சதே அந்த டுடோரியலால்தான்.

அடுத்த வாரம் செமஸ்டர் ஃபீட்பேக் ஃபார்ம் வரும். அஞ்சு நட்சத்திரத்தில் எத்தனைன்னு கேட்கிற இருபது கேள்வி இருக்கும், எல்லாரும் ஒரே நேர்கோட்டில் நாலு நாலா அழுத்திட்டுப் போவோம். கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று ஒரு காலிக் கட்டம் இருக்கு. ஃபார்மிலேயே நாம சொந்தமா எழுத வேண்டிய ஒரே இடம் அதுதான். செகண்ட் இயர் தம்பி தங்கைகளே, அதில் எழுதுங்க. தமிழில் எழுதினாலும் ஹெச்.ஓ.டி. படிப்பார், நான் கேட்டுட்டேன்.